புது காம்பாக்ட் பிஸ்டலை நம்பலாமா? கையில் இருக்கிற கொஞ்சம் தோட்டாவில் சோதித்துப் பார்க்கும் முறை

புதுப் பிஸ்டல் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் குறி எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் ஆசை. வட்டத்துக்குள் நாலு ஓட்டை விழுந்துவிட்டால் "நல்ல சாமான்" என்று சொல்லி எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். குறி முக்கியம்தான், ஆனால் அது பெரும்பாலும் உங்கள் கையைப் பற்றிய விஷயம், பழகினால் வரும். ட்ரிக்கரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் வெடிக்கிறதா, காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் பித்தளை உறை) வெளியே போகிறதா, அடுத்த தோட்டா தானாக ஏறுகிறதா என்பதுதான் துப்பாக்கியைப் பற்றிய விஷயம். அது பழகினால் வராது, சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் நமக்கு ஒரு கஷ்டம் உண்டு. அமெரிக்காக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் 200 ரவுண்டு சுடு, 500 ரவுண்டு சுடு, அப்புறம் நம்பு என்று இருக்கும். அங்கே கடைக்குப் போய் பெட்டி பெட்டியாக வாங்கலாம். நமக்கு லைசென்சில் ஒரே சமயத்தில் எத்தனை, வருடத்துக்கு எத்தனை என்று எழுதியிருக்கும், அதற்கு மேல் ஒன்று கிடையாது, விலையும் லேசில்லை. அதனால் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருக்கிற நம்ம ஆட்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எத்தனை சுட்டோம் என்பதை விட, ஒவ்வொரு தோட்டாவிலும் என்ன கேள்வி கேட்டோம் என்று பாருங்கள். ஐம்பது தோட்டாவை ஒழுங்காகத் திட்டமிட்டுச் சுட்டால், கண்டபடி சுட்ட நூற்றைம்பதை விட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் சட்ட விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லை ஊர்க்காரர்கள் இதில்தான் அசட்டையாக இருக்கிறார்கள். உங்கள் லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கும். கேரளாவுக்கு மட்டும் என்று இருந்தால், கோயம்புத்தூர் ரேஞ்ச் (சுட்டுப் பழகும் இடம்) பக்கம்தானே, வாளையாரைத் தாண்டினால் வந்துவிடுமே என்று வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான், தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள லைசென்ஸோடு பாலக்காட்டுப் பக்கம் வர முடியாது. இரண்டு மாநிலத்துக்கும் வேண்டுமென்றால் முறைப்படி மனுக் கொடுத்து எல்லையை விரிவாக்கிக்கொள்ளுங்கள். போகும்போது அசல் லைசென்ஸ் கையில், பிஸ்டல் காலியாகப் பூட்டிய பெட்டியில், மேகசினும் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) தோட்டாவும் தனியாக. செக்போஸ்ட்டில் கேட்டால் பதற்றப்படாமல் முதலில் வாயால் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்ன பிறகு பெட்டியைத் திறங்கள்.

தோப்பில் சுட்டுப் பார்க்கிற யோசனையே வேண்டாம். .32 தோட்டா சின்னதுதான், ஆனால் தவறிப்போன குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் யார் களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆயுதச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காட்டுப்பன்றி விஷயத்தில் உள்ளாட்சித் தலைவர்களே சுட உத்தரவு கொடுக்கலாம் என்று கேரள அரசு 2022-இல் முடிவெடுத்ததைச் சிலர் சாக்காகச் சொல்கிறார்கள். அது பன்றிக்குக் கொடுத்த உத்தரவு, பிஸ்டல் சோதிக்கக் கொடுத்தது இல்லை. அங்கீகாரம் உள்ள ரேஞ்ச், பொறுப்பான ரேஞ்ச் ஆபீசர், பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு (எறிமண்), இது மூன்றும் இருக்கிற இடத்தில் மட்டும் சுடுங்கள்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். நம்மைப் போன்றவர்களுக்கு 9 எம்எம் கிடையாது, அது தடை செய்யப்பட்ட போர் (bore, குழலின் உள் அளவு). அதனால் இங்கே காம்பாக்ட் பிஸ்டல் என்றால் அநேகமாக .32 தான். அதிலும் ஒரு குழப்பம் உண்டு, ரிவால்வருக்கு வரும் .32 வேறு, பிஸ்டலுக்கு வரும் .32 வேறு. பிஸ்டலுக்கு வேண்டியது 7.65 பிரௌனிங் என்றும் .32 ஏசிபி என்றும் சொல்கிற குட்டைத் தோட்டா. கடையில் "முப்பத்திரண்டு கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பிஸ்டலுக்கு என்று சொல்லி, பெட்டி மேல் எழுதியிருப்பதைப் பேரலில் (குழலில்) பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்குவதெல்லாம் ஒரே லாட் நம்பராக, அதாவது ஒரே தொகுப்பில் தயாரானதாக இருந்தால் நல்லது, அப்போதுதான் கோளாறு வந்தால் தோட்டாவா துப்பாக்கியா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ரேஞ்சுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தோட்டா வேறு அறையில் இருக்கட்டும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பகுதி) இழுத்து, சேம்பர் (பேரலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் பிரித்துப் போடுங்கள். புதுத் துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமல் இருக்க கெட்டியாகக் கிரீஸ் பூசி அனுப்புவார்கள். அதைப் பலர் எண்ணெய் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது ஓடுவதற்குப் போட்ட எண்ணெய் இல்லை, சுத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டும். பேரலுக்குள்ளும் சேம்பருக்குள்ளும் காய்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிகிறதா என்று பாருங்கள், துணித் துணுக்கு உள்ளே சிக்கியிருக்கக் கூடாது. பிறகு ஸ்லைடு ஓடுகிற தடத்தில் ஒரு சொட்டுக் கன் ஆயில், அவ்வளவு போதும். கார்த்திகை மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் திறந்தவெளி ரேஞ்சில் தூசி பறக்கும், வழிய வழிய எண்ணெய் போட்டால் அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். மேகசினுக்குள் எண்ணெய் போடவே போடாதீர்கள், தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கிற பற்றவைக்கும் பொட்டு) எண்ணெய் இறங்கினால் வெடிக்காமல் போகலாம்.

மேகசின்களுக்கு அடியில் பெயின்ட் பேனாவால் 1, 2 என்று எழுதிவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் தானியங்கிப் பிஸ்டலில் வருகிற கோளாறுகளில் நிறைய மேகசினிலிருந்துதான் வருகின்றன, எது எதுவென்று தெரியாவிட்டால் நாள் முழுக்கச் சுட்டும் ஒன்றும் புரியாது. அப்புறம் டம்மி தோட்டா நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருந்தில்லாதது, வெறும் உருவம் மட்டும். அதை ஏற்றி, ஸ்லைடைக் கையால் இழுத்து விட்டு, ஏறுகிறதா, இழுத்தால் வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

இந்த டம்மி சோதனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் .32 பிஸ்டலுக்கு இது மிக முக்கியம். பெரும்பாலான .32 பிஸ்டல்களில் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கின் அழுத்தமும் மட்டும்தான் பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கின்றன. தோட்டா வெடித்ததும் அந்த அழுத்தமே காலி கேஸைப் பின்னால் தள்ளுகிறது, கேஸ் ஸ்லைடைத் தள்ளுகிறது. அதாவது கேஸைக் கவ்வி இழுக்க வேண்டிய எக்ஸ்ட்ராக்டர் பழுதாக இருந்தாலும் சுடும்போது பிஸ்டல் பெரும்பாலும் ஓடிவிடும்! வெடிக்காத தோட்டா ஒன்று சேம்பரில் மாட்டிக்கொண்டால்தான் எக்ஸ்ட்ராக்டர் சரியில்லை என்பது தெரியவரும், அப்போது பார்த்து வெளியே இழுக்க ஆள் இருக்காது. அதனால் டம்மியைச் சேம்பரில் ஏற்றி, மேகசினைக் கழற்றிவிட்டு, பிஸ்டலைச் சற்று மேலே, கீழே, பக்கவாட்டில் சாய்த்து ஒவ்வொரு நிலையிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு முறை கவ்வாமல் விட்டாலும் சுடுவதற்கு முன்பே துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம் இந்தத் தோட்டாவுக்கே உரியது. ஜான் பிரௌனிங் 1899 வாக்கில் இதை வடிவமைத்தபோது அடிவிளிம்பைக் கேஸின் உடம்பை விட ஒரு மயிரிழை அகலமாக வைத்தார், அந்த விளிம்பில்தான் தோட்டா சேம்பரில் உட்காருகிறது. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருந்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும், ஸ்லைடு என்ன தள்ளினாலும் நகராது. தட்டினாலும் இழுத்தாலும் சரியாகாத ஜாம் அது.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோபாலபுரத்துத் தோப்புக்காரர் ஒருவர், எங்களுக்கெல்லாம் மாமா முறை, புதுப் பிஸ்டலோடு வந்தார். முதல் மேகசின் பாதியிலேயே நின்றுவிட்டது. "சாமான் சரியில்லப்பா, கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்று அவருக்கு முகமே சிவந்துவிட்டது. ரேஞ்ச் ஆபீசர் போலீசில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். பிஸ்டலை எறிமண் பக்கம் நீட்டியபடியே மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, பிஸ்டலை மேஜையில் வைத்தார். பிறகு மேகசினை மட்டும் வெயிலில் தூக்கிப் பிடித்து, பக்கத்துத் துளை வழியாகக் காட்டினார். "இங்க பாருங்க சார், இவன் காலு அவனுக்குப் பின்னாடி கெடக்கு." மேலே இருந்த தோட்டாவின் பித்தளை விளிம்பு கீழே இருந்ததன் பின்னால் போய் மாட்டியிருந்தது, நகத்தால் தள்ளினாலும் அசையவில்லை. முதலில் ஒன்றொன்றாகத் தோட்டாவை வெளியே எடுத்து, மறுபடி ஒவ்வொன்றையும் முன்னால் வைத்துக் கீழே அமுக்கிப் பின்னால் சறுக்கி நிரப்பினார். மாமா அதற்கப்புறம் நிரப்பும்போது மேகசினின் பின்பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார். எல்லாத் தோட்டாவும் பின்னால் ஒரே வரிசையில் உட்காரட்டும் என்று செய்வது. ஆனால் நிரப்பும்போதே விளிம்பைப் பார்த்து வைப்பதுதான் நிஜமான மருந்து. அதிலும் முனை குழிந்த குண்டு போட்ட தோட்டாக்கள் சற்றுக் குட்டையாக இருக்கும், மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் இருப்பதால் அவற்றில் இந்தக் கொக்கி இன்னும் சுலபமாக விழும்.

சரி, ரேஞ்சுக்கு வந்தாச்சு. கண்ணாடியும் காதுக் கவசமும் போட்டுக்கொண்டுதான் லைனுக்குப் போக வேண்டும். துப்பாக்கி சின்னதாக இருந்தாலும் சத்தம் 150 டெசிபல் அளவில் இருக்கும், கோயில் வேலத் திருவிழாவில் வாணவெடி கேட்டுப் பழகிய காது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, போன காது திரும்ப வராது. சட்டைக் காலரை மூடிப் பட்டன் போடுங்கள், சூடான காலி கேஸ் கழுத்துக்குள் விழுந்தால் கையில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும். ஆபீசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது புதுத் துப்பாக்கி, சோதித்துப் பார்க்கிறேன், ஜாம் ஆனால் அப்படியே நிறுத்தி முனையை எறிமண் பக்கமே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்குவேன் என்று. ஜாம் ஆன துப்பாக்கியைப் பக்கத்தில் நிற்பவரிடம் திருப்பிக் காட்டுவதை விட ஆபத்தான காரியம் ரேஞ்சில் வேறு இல்லை.

தூரம் 7 மீட்டர் போதும். முதல் தடவை மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுடுங்கள், கேஸ் முழுசாக வெளியே வந்ததா, பிளந்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இரண்டு, மறுபடியும் ஒரு இரண்டு. இரண்டு போடுவதற்குக் காரணம் உண்டு: ஒரு முறை இழுத்து இரண்டும் சேர்ந்து வெடித்தால் உள்ளே பெரிய பழுது, அன்றைக்கே மூட்டை கட்டிவிட வேண்டும். முழு மேகசின் போட்டிருந்தால் அது எங்கே போய் நிற்குமோ தெரியாது. இந்த ஒன்று, இரண்டு, இரண்டு முடிந்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

இப்போது தோட்டாவை மிச்சப்படுத்துகிற விஷயம். மேகசினில் கோளாறு அதிகம் எட்டிப் பார்ப்பது இரண்டு இடத்தில்: முதல் தோட்டா, கடைசித் தோட்டா. மேகசின் நிறைந்திருக்கும்போது அடியில் ஸ்பிரிங் முழுசாக அமுங்கி மேல் தோட்டாவை இறுக்கி அழுத்துகிறது, ஸ்லைடு அதை உரசி உருவிக்கொண்டு போக வேண்டும். காம்பாக்ட் பிஸ்டலில் ஸ்லைடு ஓடுகிற தூரம் குறைவு என்பதால் அதற்கு ஓடி வரும் வேகமும் குறைவு. கடைசித் தோட்டாவில் நிலைமை தலைகீழ், ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கும், தோட்டாவை நேரத்துக்கு மேலே தூக்காவிட்டால் ஸ்லைடு அதன் மேலேயே ஓடி வெறும் சேம்பரில் மூடிவிடும். நடுவில் இருக்கிற தோட்டாக்கள் சமர்த்துப் பிள்ளைகள், அவை அபூர்வமாகத்தான் தகராறு செய்யும். அப்படி இருக்க, முழு மேகசினாகவே திரும்பத் திரும்பச் சுட்டுத் தீர்ப்பானேன்?

முதலில் ஒவ்வொரு மேகசினையும் ஒரு தடவை நிரப்பி முழுசாகச் சுட்டுவிடுங்கள், 7 கொள்ளும் மேகசின் இரண்டு என்றால் 14 ரவுண்டு. அதன் பிறகு மேகசினை நிரப்பி இரண்டே இரண்டு சுட்டுவிட்டு நிறுத்துங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரில் ஏறியிருக்கும் மூன்றாவது தோட்டாவை ஸ்லைடை இழுத்து வெளியே எடுங்கள், உயிருள்ள தோட்டாவை எக்ஸ்ட்ராக்டர் கவ்வுகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். குறைந்ததை நிரப்பி மறுபடி இரண்டு. இப்படி ஒவ்வொரு மேகசினுக்கும் மூன்று சுற்று என்றால் மொத்தம் 12 தோட்டாவில் அந்த இறுக்கமான முதல் ஏற்றத்தை ஆறு முறை சோதித்துவிடலாம். முழு மேகசினாகச் சுட்டிருந்தால் இதற்கே 42 போயிருக்கும். வெளியே எடுத்த தோட்டாவை மட்டும் மறுபடி மேலே வைக்காதீர்கள், தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரே தோட்டா திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் மோதினால் குண்டு கேஸுக்குள் அமுங்கிவிடும், அமுங்கினால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். ஒரு தடவை ஏறி இறங்கியதைப் புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள், சமமாக இருந்தால் அன்றைக்கே கடைசியில் சுட்டுத் தீர்த்துவிடலாம், குட்டையாகத் தெரிந்தால் சுட வேண்டாம்.

அடுத்தது ஒற்றைக் கை. ஆபீசர் சம்மதித்தால் வலது கையால் மூன்று, இடது கையால் மூன்று. காம்பாக்ட் பிஸ்டலின் பிடி குட்டை, பெரும்பாலோருக்குச் சுண்டுவிரல் வெளியே தொங்கும். பிடி தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் போகும்போது துப்பாக்கி முழுவதும் சேர்ந்து பின்வாங்கும், ஸ்லைடு முழுத் தூரம் போகாமல் பாதியில் திரும்பும், காலி கேஸ் அது வெளியேறும் வாயிலேயே செங்குத்தாக நிற்கும். அப்படி நடந்தால் துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன்னால், அந்த ரேஞ்சிலேயே பிடி உறுதியான ஒருவரிடம் கொடுத்து அதே மேகசின், அதே தோட்டாவில் சுடச் சொல்லுங்கள், நீங்களும் ஆபீசரும் கூடவே நின்று. அவர் கையில் ஓடினால் உங்கள் பிடியில்தான் விஷயம். கட்டைவிரல் ஸ்லைடில் உரசுகிறதா என்றும் பாருங்கள், பிரேக் பிடித்த மாதிரி ஸ்லைடை இழுத்து நிறுத்திவிடும். நம்ம ஊர் வெயிலில் கை வேர்த்துப் பிடி வழுக்கும், அதனால் வேர்வையைத் துடைக்காமலேயே ஒரு மேகசின் சுட்டுப் பார்ப்பதும் நியாயமான சோதனைதான்.

இதெல்லாம் சேர்த்தால் 50-க்குள் முடிந்துவிடும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இருக்கிறதெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியை நம்பகமானது என்று சொல்லி என்ன பயன்?

ஜாம் ஆனால் என்ன செய்வது என்பதுதான் இதில் நான் அதிகம் வலியுறுத்துகிற விஷயம். போலீஸ் பயிற்சியில் மேகசினை அடியில் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆபத்து நேரத்தில் அதுதான் சரி. சோதனை நேரத்தில் அதைச் செய்தால் சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம். விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்து, முனையை அங்கேயே வைத்து, கையைத் தூக்கி, முதலில் பாருங்கள். ஸ்லைடு எவ்வளவு மூடியிருக்கிறது? தோட்டாவின் மூக்கு எங்கே முட்டி நிற்கிறது? உள்ளே இருப்பது காலி கேஸா, முழுத் தோட்டாவா, இரண்டுமா? கூட வந்தவர் ஆபீசரைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றபடி ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு சரிசெய்யுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் பார்க்கிற வேலையைக் கூடத் தள்ளிப் போட வேண்டும். ட்ரிக்கரை இழுத்து 'டக்' என்று மட்டும் சத்தம் வந்து வெடிக்காவிட்டால் முனையை எறிமண் பக்கமே வைத்து 30 வினாடி அசையாமல் நில்லுங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும். இன்னொன்று, வழக்கமான வெடிக்குப் பதில் 'புஸ்' என்று மெலிந்த சத்தம் வந்து கையில் உதைப்பும் இல்லாவிட்டால் குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கும், விரல் போகும். உடனே நிறுத்தி, காலி செய்து, பேரல் திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் ஒரு தோட்டா கூட ஏற்றக் கூடாது. சிக்கியிருந்தால் நீங்களே கம்பியை விட்டு இடிக்காதீர்கள், லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள்.

வெடிக்காத தோட்டாவைக் குப்பையில் போட்டுவிடாமல் ஆபீசர் சொல்கிற இடத்தில் வைத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரைமரில் குழி மற்ற காலி கேஸ்களில் உள்ளதைப் போலவே ஆழமாக, நடுவில் விழுந்திருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டாதான் சொத்தை. குழி ஊசி பட்டது போல மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) போகிற துளையில் பழைய கிரீஸ் கெட்டியாக இருக்கலாம், ஸ்பிரிங் பலவீனமாக இருக்கலாம், அல்லது ஸ்லைடு முழுசாக மூடாமல் அடித்திருக்கலாம். காலி கேஸ்களையும் பொறுக்கி மேஜையில் சுட்ட வரிசைப்படி நிறுத்துங்கள். ஏழு கேஸையும் பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்து ஒரு லென்ஸால் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், ஆறில் வட்டமான ஆழக்குழியும் ஒன்றில் மட்டும் ஓரமாக இழுத்த கோடும் இருந்தால் அது பளிச்சென்று தெரியும். விளிம்பு பிய்ந்திருந்தால் சேம்பர் சொரசொரப்பு அல்லது எக்ஸ்ட்ராக்டர் கூர்மை, வாய் நசுங்கியிருந்தால் வெளியேறும்போது எங்கோ இடிக்கிறது. புதுத் தோட்டா வாங்கும்போது சில இடங்களில் காலி கேஸைக் கணக்குக் கேட்பார்கள், அதற்கும் இந்தப் பொறுக்கல் உதவும்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, லாட் நம்பர், எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, என்ன ஆனது, யார் கையில். ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. ஒரு கோளாறும் இல்லாமல் 50 சுட்டோம் என்றால் கோளாறே வராது என்று அர்த்தம் இல்லை. புள்ளியியல்காரர்கள் சொல்லும் சுலப விதி ஒன்று உண்டு: பிழையில்லாமல் முடிந்த எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உச்ச வரம்பு கிடைக்கும். 50 என்றால் நூற்றுக்கு 6 வரை இன்னும் தவறலாம், 100 என்றால் 3, 300 என்றால் 1. ஒரே வருடத்தில் நமக்கு 300 எங்கே கிடைக்கும்? நோட்டு இருந்தால் இந்த வருடத்து 50-ம் அடுத்த வருடத்து 50-ம் ஒரே கணக்கில் சேரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். ரைபிள் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தால் பயிற்சிக்குக் கிளப் மூலம் தோட்டா கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கோளாறு வந்தால் எப்படிப் பிரிப்பது? ஒரு மேகசினில் மட்டும் வருகிறது, மற்றதில் வரவில்லை என்றால் அந்த மேகசினை ஒதுக்குங்கள், பிஸ்டல் மேல் பழி வேண்டாம். இரண்டு மேகசினிலும் வருகிறது, ஆனால் வேறு லாட் தோட்டாவில் வரவில்லை என்றால் தோட்டா. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வருகிறது என்றால் துப்பாக்கி. புதுத் துப்பாக்கியில் முதல் ஒன்றிரண்டு மேகசினில் இறுக்கத்தால் ஒரு தடவை ஸ்லைடு முழுசாக மூடாமல் நின்றால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எழுதி மட்டும் வைப்பேன். அதற்கப்புறமும் வந்தால் விடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து எமரித் தாளால் சேம்பர் வாயைத் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது, இதெல்லாம் தயவுசெய்து செய்யாதீர்கள். பூட்டிக்கொள்ளாத பேரலில் அந்த ஸ்பிரிங்தான் பாதிப் பாதுகாப்பு. நோட்டையும் போட்டோவையும் காலி கேஸையும் எடுத்துக்கொண்டு விற்ற டீலரிடம் போங்கள். "அடிக்கடி ஜாம் ஆகுது" என்று சொன்னால் எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "இரண்டு மேகசினிலும், நிரப்பிய பிறகு முதல் தோட்டா, மூக்கு கீழே முட்டி நிற்கிறது" என்று சொல்லிப் போட்டோவைக் காட்டினால் கம்பெனிக்கு அனுப்பத்தான் வேண்டிவரும். சரிசெய்து வந்த பிறகு கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பியுங்கள், பழைய நல்ல எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள்.

சுட்டு முடித்ததும் டீக்கடைக்கு ஓடாமல் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், ஈயத் தூள் ஒட்டியிருக்கும். அன்றைக்கு ராத்திரியே பேரலைச் சுத்தம் செய்து மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். மழைக்காலத்தில் நம்ம பக்கம் காற்றே ஈரமாக இருக்கும், வேர்வைக் கை பட்ட இடத்தில் ஓரிரு நாளில் பழுப்பாகத் துரு பூக்கும். தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்.

தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால், கொடுப்பதற்கு முந்தின நாள் நன்றாகத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு, மேகசினைக் காலியாகக் கொடுத்து, ரசீதில் மேகசின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். வாரக்கணக்கில் ஸ்டேஷன் அலமாரியில் ஈரத்தோடு கிடந்து திரும்பி வருகிற துப்பாக்கியை உடனே தோட்டா ஏற்றி வைக்கக் கூடாது. பிரித்து, பேரலில் வெளிச்சம் பார்த்து, டம்மியால் எக்ஸ்ட்ராக்டரைச் சோதித்து, அடுத்து ரேஞ்சுக்குப் போகும்போது ஒவ்வொரு மேகசினிலும் முழுசாக நிரப்பி இரண்டு, பிறகு இரண்டே தோட்டா போட்டு இரண்டு. அந்த எட்டையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.